நவம்பரைத் தாண்டுமா நெப்ராஸ்கா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பழைய ராஜா மீண்டும் களமிறங்குகிறார். 2026 பருவம்: ஒரு ரசிகனின் கணக்கு.

2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியத்தில் எள் போட இடமில்லை. சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு எதிராக இடைவேளையில் நெப்ராஸ்கா 14-6 என்று முன்னிலை. மூன்றாவது கால்பகுதி நடக்கிறது. குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா பந்தை வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று பார்க்கிறார். ஒரு நொடி தாமதம். எதிரணியினர் வந்து விழுகிறார்கள், பந்து நழுவுகிறது, ராயோலா அடியில் கிடக்கிறார். அவர் எழுந்து நொண்டிக்கொண்டே வெளியேறியபோது அரங்கில் இருந்தவர்களுக்கு முழு விவரம் தெரியாது. கால் எலும்பு முறிந்திருந்தது. அவருடைய பருவம் அந்த இடத்திலேயே முடிந்தது. ஆட்டம் 21-17 என்று கைவிட்டுப் போனது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 30 அன்றுதான், தலைமைப் பயிற்சியாளர் மாட் ரூலின் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்திருந்தது பல்கலைக்கழகம். அவர் படித்து, விளையாடிய பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அப்போது புதிய பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருந்தது. அவரை அங்கே இழந்துவிடுவோமோ என்ற பயம் நீங்கி மாநிலமே நிம்மதியாகத் தூங்கியது இரண்டே இரவுகள். காயம்பட்ட அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி 5 ஆட்டங்களில் நெப்ராஸ்கா வென்றது ஒன்றே ஒன்று. ராயோலா இப்போது ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

இந்தக் காயத்தோடுதான் 2026 பருவத்துக்குள் நுழைகிறோம். "நுழைகிறோம்" என்று எழுதக் காரணம் இருக்கிறது. நான் இந்த அணியின் ரசிகன். நடுநிலை வேண்டுவோர் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கலாம். ஆனால் எண்களில் பாரபட்சம் காட்டவில்லை.

ஒரு மாநிலம், ஒரே அணி

நாம் கால்பந்து என்று சொல்வது வேறு, இது வேறு. தலைக்கவசமும் தோள்கட்டையும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் கெஜம் கெஜமாக முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து இது. பெரிய நகரங்களில் இதற்குத் தொழில்முறை அணிகள் உண்டு. நெப்ராஸ்காவில் கிடையாது. சுமார் 20 லட்சம் பேர் வாழும் இந்த மாநிலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் பெரிய லீகிலும் சரி, கூடைப்பந்து, பேஸ்பாலின் பெரிய லீகுகளிலும் சரி, சொந்தமாக ஓர் அணி இல்லை. இருப்பது பல்கலைக்கழக அணிதான். பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், மக்காச்சோளக் கதிர் உரிப்பவர்கள். சுருக்கமாக ஹஸ்கர்ஸ்.

ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஒமாஹாவிலிருந்து லிங்கன் போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். சிவப்புக் கொடி கட்டிய கார்கள், அவற்றில் மூன்று தலைமுறை. தாத்தா 1971-இன் கதையைச் சொல்வார், அப்பா 1995-இன் கதையைச் சொல்வார், பேரனிடம் சொல்வதற்குக் கதை இல்லை. நகரத்துக்குள் வந்தால் தேவாலய வாசலில்கூடக் கார் நிறுத்தக் கட்டணம் வாங்குவார்கள். ரன்ஸா கடைகளில் வரிசை நிற்கும். மாட்டிறைச்சிக் கொத்தும் முட்டைக்கோஸும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட நீள ரொட்டி அது, ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பண்டம். கை சுடச் சுட அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே மக்கள் அரங்கத்தை நோக்கி நடப்பார்கள். அரங்கு நிரம்பினால் மக்கள்தொகைக் கணக்கில் அது ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்த பெரிய ஊர். வேலைக்காக வந்து ஒமாஹாவில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் சிவப்புச் சட்டை ஒன்று வீட்டில் இருக்கும்.

தோற்றாலும் இந்தக் கூட்டம் குறைவதில்லை. 2025 ஐபிஎல் பட்டியலில் சென்னை அணி கடைசிக்குப் போன பிறகும் சேப்பாக்கம் மஞ்சளாகவே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டம் முடிந்து எதிரணி வெளியேறும்போது, அவர்கள் நம்மை வென்றிருந்தாலும், கைதட்டி அனுப்பிவைக்கும் பழக்கம் லிங்கனில் உண்டு. வேறெங்கும் நான் இதைப் பார்த்ததில்லை.

———
பெட்டிச் செய்தி: சிவப்புக் கணக்கு

தேசியப் பட்டங்கள்: 5 (1970, 1971, 1994, 1995, 1997)

மெமோரியல் ஸ்டேடியத்தில் டிக்கெட் முழுதும் விற்றுத் தீர்ந்த ஆட்டங்கள்: 1962 நவம்பர் 3 முதல் இன்று வரை தொடர்ச்சியாக, 400-ஐத் தாண்டி

1993 முதல் 1997 வரை: 60 வெற்றி, 3 தோல்வி

ஹைஸ்மன் விருது (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கு) பெற்றவர்கள்: ஜானி ராட்ஜர்ஸ் (1972), மைக் ரோஸியர் (1983), எரிக் கிரவுச் (2001)

கடைசியாக லீக் பட்டம் வென்றது: 1999

கடைசியாக ஒரு பருவத்தில் 10 வெற்றி: 2012

2023 ஆகஸ்ட் 30 அன்று இதே அரங்கில் பெண்கள் வாலிபால் பார்க்கக் கூடியவர்கள்: 92,003 பேர்
———

மேலே இருந்து கீழே

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் பாப் டெவனி என்ற பயிற்சியாளர் வந்தார். சாதாரண அணி பெரிய அணியானது. 1970, 71 இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம். 1973-இல் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்பர்ன் பொறுப்பேற்று 25 ஆண்டுகள் இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு பருவத்தில்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை.

ஆஸ்பர்னைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஆட்டம் 1984 ஜனவரி 2 அன்று மயாமி அணியோடு நடந்த, பருவ முடிவில் ஆடும் ஆரஞ்ச் பௌல். அதுவரை தோல்வியே காணாத நெப்ராஸ்கா, கடைசி நிமிடத்தில் டச்டவுன் அடித்து 31-30 என்று ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. எளிதான உதை ஒன்று உதைத்தால் ஆட்டம் சமன், தேசியப் பட்டமும் ஏறக்குறைய உறுதி. ஆஸ்பர்ன் சமனுக்கு ஆட மறுத்தார். இரண்டு புள்ளிக்கு முயன்றார். எறிந்த பந்து எதிரணி வீரரின் விரலில் பட்டு விலகியது. பட்டம் போயிற்று. 40 ஆண்டு கழித்தும் அந்த முடிவைத் தவறு என்று சொல்லும் நெப்ராஸ்காகாரரை நான் சந்தித்ததில்லை. பட்டத்தை அதன்பின் மூன்று முறை அவர் வென்றார் என்பது வேறு விஷயம்.

சரிவு 2003-இல் தொடங்கியது. அந்த ஆண்டு 9 வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை, அது போதாது என்று வெளியே அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களில் போ பெலினி ஏழு பருவங்களிலும் 9 அல்லது 10 வெற்றி தந்தார், அவரும் அனுப்பப்பட்டார். அன்றைக்குக் குறை என்று தள்ளிய 9 வெற்றியை இன்றைக்கு யாராவது தட்டில் வைத்துக் கொடுத்தால் மாநிலமே விழுந்து வாங்கிக்கொள்ளும்.

1997 பட்டத்தை வென்ற குவார்ட்டர்பேக், உள்ளூர்ப் பிள்ளை ஸ்காட் ஃபிராஸ்ட் 2018-இல் பயிற்சியாளராகத் திரும்பியபோது எங்கள் துயரம் தீர்ந்தது என்றே நம்பினோம். 2021-இல் 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பது தோல்விகளும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில். 2022 செப்டம்பர் 11 அன்று அவரை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் தர வேண்டிய ஈட்டுத்தொகை பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்க முடியவில்லை. ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தே அனுப்பினார்கள்.

நவம்பர் என்னும் நோய்

மாட் ரூல் வந்தபோது கையில் ஒரு சான்று இருந்தது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அவருடைய முதல் ஆண்டு 2-10 (2 வெற்றி, 10 தோல்வி), இரண்டாம் ஆண்டு 6-6, மூன்றாம் ஆண்டு 10-4. பேலரில் 1-11, 7-6, 11-3. மூன்றாம் ஆண்டில் அவர் அணி பறக்கும் என்பது வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. எட்டு ஆண்டுக்கு 7.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தார்கள்.

லிங்கனில் நடந்தது: 5-7, 7-6, 7-6.

முதல் பார்வைக்கு இது தேக்கம். ஆனால் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

2023-இல் அக்டோபர் முடிவில் 5-3. பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். நவம்பரில் நான்கு ஆட்டம். மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20-17, மேரிலேண்டிடம் 13-10, விஸ்கான்சினிடம் கூடுதல் நேரத்தில் 24-17, அயோவாவிடம் 13-10. நான்கும் தோல்வி. நான்கையும் சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் 16 புள்ளிதான்.

2024-இல் தொடக்கம் 5-1. நவம்பரில் விஸ்கான்சினை மட்டும் வென்று, மற்ற மூன்றிலும் தோல்வி. அதில் கடைசி ஆட்டம் அயோவா சிட்டியில். 10-10 என்று சமன், சில நொடிகள்தான் பாக்கி. கூடுதல் நேரத்துக்குப் போக வேண்டிய ஆட்டம். ராயோலாவின் கையிலிருந்து பந்து தட்டிவிடப்பட்டது, அயோவா எடுத்துக்கொண்டது, 53 கெஜத்திலிருந்து உதைத்தது. மறுபடியும் 13-10. பௌலில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றதால் பருவம் தப்பித்தது.

2025-இலும் தொடக்கம் 5-1. நவம்பரில் யுசிஎல்ஏ-வை வென்று, மற்ற மூன்றில் தோல்வி. முதலில் சொன்ன சதர்ன் கலிஃபோர்னியா ஆட்டம் அதில் ஒன்று. பென் ஸ்டேட்டிடம் 37-10. சொந்த மண்ணில் அயோவாவிடம் 40-16. நவம்பருக்குப் பிறகு லாஸ் வேகஸ் பௌலிலும் யூட்டாவிடம் 44-22.

மூன்று ஆண்டு நவம்பர்களையும் கூட்டினால் 12 ஆட்டம், 2 வெற்றி. செப்டம்பரில் எங்களைப் பார்ப்பவர்கள் நல்ல அணி என்பார்கள், அக்டோபரில் மாநிலமே கனவு காணும், நவம்பரில் எல்லாம் கொட்டிப்போகும். முதல் இரண்டு ஆண்டுகளின் தோல்விகளில் பெரும்பாலானவை கடைசி நிமிடத்தில் கைநழுவியவை. மூன்றாம் ஆண்டில் அடியே வாங்கினோம். எனக்கு அதிகம் வலித்தது அந்த மாற்றம்தான். கைநழுவிய ஆட்டத்துக்கு நேரத்தையும் அதிர்ஷ்டத்தையும் குறை சொல்லலாம். 40-16 என்ற கணக்குக்கு அப்படி எதையும் சொல்ல முடியாது.

முன்வரிசையில் நடப்பது

டிவியில் பார்ப்பவர்கள் பந்தோடு ஓடுகிறவரைப் பார்ப்பார்கள். அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு, நடுவில் குனிந்து நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள். ஒவ்வொருவரும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ சுற்றளவில் இருப்பார்கள். ஒரு கை புல்லில், குதிகால் லேசாக உயர்ந்து, எதிரே அதே எடையுள்ள ஒருவரின் மார்பை நோக்கிப் பார்வை. பந்து நகர்ந்ததும் முதல் அடி யாருடையதோ அவர் ஜெயித்தார். கைகள் எதிராளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும். தோளுக்கு வெளியே போனால் பிடித்து இழுத்த குற்றம். இடுப்பு உயர்ந்தால் தள்ளப்படுவீர்கள். இது ஓர் ஆட்டத்தில் 60, 70 முறை நடக்கும்.

செப்டம்பர் வெயிலில் திறமையான குவார்ட்டர்பேக் இந்தச் சண்டையில் தோற்றாலும் பந்தை எறிந்து சமாளித்துவிடுவார். நவம்பர் வேறு. சமவெளியில் காற்று குறுக்கே வீசும், பந்து கல்லாக இறுகியிருக்கும், விரல் மரத்துப்போகும். எல்லா அணிகளும் தரைவழி ஓட்டத்துக்குத் திரும்பும். அப்போது முன்வரிசை பலமில்லாத அணி அம்பலமாகிவிடும். 2025-இல் எதிரணி எறியும் பந்தைத் தடுப்பதில் நெப்ராஸ்கா நாட்டிலேயே சிறந்த அணிகளில் ஒன்று. ஆனால் எதிரணி ஓட ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. மிச்சிகன் அதைக் காட்டிக்கொடுத்தது, மினசோட்டா பார்த்துக்கொண்டது, அயோவா முடித்துவைத்தது.

இதில் கொடுமை என்னவென்றால், முன்வரிசை என்பதே ஒரு காலத்தில் நெப்ராஸ்காவின் சொத்து. முன்வரிசை வீரர்களுக்குத் தரப்படும் அவுட்லேண்ட் கோப்பையை இங்குள்ளவர்கள் 9 முறை வென்றிருக்கிறார்கள். வேறெந்தக் கல்லூரியும் இந்த எண்ணிக்கைக்கு அருகில் இல்லை. டேவ் ரிமிங்டன் 1981, 82 என்று அடுத்தடுத்து வாங்கினார். எடை தூக்கினால் தசை இறுகி வேகம் குறைந்துவிடும் என்று பயிற்சியாளர்கள் பயந்த காலத்தில், 1969-இல், பாய்ட் எப்லி என்ற இளைஞரைச் சம்பளம் கொடுத்து உடற்பயிற்சிக்கென்றே நியமித்தது இந்தப் பல்கலைக்கழகம். இன்று எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் பளுதூக்கும் கூடங்களுக்கு அதுவே வித்து. நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தில் நாமே தவறுகிறோம் என்பதுதான் எங்கள் வேதனை.

என்ன மாறியிருக்கிறது?

ரூல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அயோவா தோல்விக்குப் பின் தற்காப்புப் பயிற்சியாளர் ஜான் பட்லர் நீக்கப்பட்டார். சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து ராப் ஆரிக் வந்திருக்கிறார். முன்வரிசைப் பயிற்சியாளர் டோனவன் ராயோலாவும் நீக்கப்பட்டார், அவர் டிலன் ராயோலாவின் சித்தப்பா. அந்த இடத்துக்கு ஜார்ஜியா டெக்கிலிருந்து கீப் வேட். தாக்குதல் ஆட்டத்தை டேனா ஹோல்கர்சனே தொடர்ந்து நடத்துகிறார்.

குவார்ட்டர்பேக் இடத்துக்கு, வர்ஜீனியாவில் தொடங்கி நெவாடா லாஸ் வேகஸ் அணியில் விளையாடிய ஆன்டனி கொலாண்ட்ரியா வந்திருக்கிறார். ராயோலாவின் கை பலம் இவருக்கு இல்லை. ஆனால் கால் இருக்கிறது. முன்வரிசை உடைந்தாலும் ஓடித் தப்பிக்கத் தெரிந்தவர். நின்ற இடத்திலேயே நின்று அடிவாங்கிய ஒருவரை இரண்டு ஆண்டுகள் பார்த்துப் பதைத்த எங்களுக்கு இதுவே பெரிய ஆறுதல். இன்னொரு பக்கம், 2025-இல் 1,400 கெஜத்துக்கு மேல் ஓடி அணியைத் தோளில் சுமந்த எம்மட் ஜான்சன் தொழில்முறைக்குப் போய்விட்டார். அவர் இடம் நிரம்புவது எளிதல்ல. கொலாண்ட்ரியாவைவிட இந்த இடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆனால் ஊரில் யாரும் இதைப் பேசுவதில்லை, குவார்ட்டர்பேக் பேச்சு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.

இந்தியானா தந்த தூக்கமின்மை

நெப்ராஸ்கா ரசிகரைச் சீண்ட வேண்டுமானால் இந்தியானா என்று சொன்னால் போதும். பெரிய கல்லூரி அணிகளிலேயே வரலாற்றில் அதிகத் தோல்விகளைச் சுமந்த அணியாக இருந்தது அது. 2023-இல் 3-9. அந்த ஆண்டு இறுதியில் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். மறு ஆண்டே 11-2. அதில் ஒரு வெற்றி எங்களுக்கு எதிராக, 56-7. அதற்கடுத்த ஆண்டு 16-0, குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு ஹைஸ்மன் விருது, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டம்.

அதுவரை எங்களிடம் ஒரு சமாதானம் இருந்தது. "பழைய காலம் வேறு, இப்போது தெற்கத்திப் பல்கலைக்கழகங்களின் பணத்தோடு போட்டி போட முடியாது, பொறுமை வேண்டும்" என்று சொல்லிக்கொள்வோம். இந்தியானா அந்தச் சமாதானத்தைப் பறித்துவிட்டது. எங்களிடம் உள்ள அரங்கும் ரசிகர் கூட்டமும் பட்டங்களும் அவர்களிடம் இருந்ததில்லை. வேறு கல்லூரியிலிருந்து வீரர்கள் மாறி வர வழி செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலைப் பயன்படுத்தி, பெயரைப் பார்க்காமல், சிறிய அணிகளில் நன்றாக ஆடிய மூத்த வீரர்களைப் பொறுக்கி எடுத்தார் சிக்னெட்டி. கொலாண்ட்ரியாவைக் கொண்டுவந்ததில் ரூல் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து நட்சத்திரப் பிள்ளைக்குக் காத்திருப்பதைவிட, ஆடிக் காட்டியவரை அழைப்பது மேல்.

பணம் வந்தது, யார் போனார்கள்?

2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். நெப்ராஸ்கா அங்கம் வகிக்கும் பிக் டென் லீகின் டிவி ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்தை விளைவித்த பிள்ளைகளுக்குப் பங்கு கிடைப்பது நியாயம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி நெப்ராஸ்காவின் நெஞ்சில் விழுந்தது. அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

வேறு ஊர்களில் இது நிர்வாகச் செய்தி. இங்கே அப்படியில்லை. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, அணியில் இடம் கேட்டு வருபவர்களை வாக்-ஆன் என்பார்கள். நெப்ராஸ்காவில் அது ஒரு பரம்பரை. 150 பேர் வரை அணியில் இருந்த காலம் உண்டு. பள்ளியில் ஆள் போதாமல் எட்டுப் பேர் அணியாக ஆடும் சிற்றூர்களிலிருந்து பையன்கள் வருவார்கள். இரண்டு, மூன்று ஆண்டு பயிற்சியில் அடிவாங்குவார்கள். எடைக் கூடத்தில் உடம்பு ஏறும். நான்காம் ஆண்டு களத்தில் நிற்பார்கள். பிரெய்னார்ட் என்ற சின்னஞ்சிறு ஊரிலிருந்து அப்படி வந்தவர்கள் ஜெஃப், ஜோயல் மகோவிச்கா சகோதரர்கள். 90-களின் பட்ட அணிகளில் ஃபுல்பேக் இடத்தில் நின்று மற்றவர் ஓட வழி திறந்துவிட்டார்கள். ஜோயல் தொழில்முறை வரை போனார்.

ஒவ்வொரு சிற்றூருக்கும் அணியில் ஒரு பிள்ளை இருந்தான். அதனால்தான் அந்த ஊர் சனிக்கிழமை காலையில் எழுந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி லிங்கன் வந்தது. டிக்கெட் தொடர் விற்பனைச் சாதனையின் வேர் அங்கே இருக்கிறது. 105 என்ற வரம்புக்குள் பயிற்சியாளர் யாரை வைத்துக்கொள்வார்? உடனே ஆடக்கூடியவரை. நான்காம் ஆண்டில் மலரக்கூடிய உழவர் வீட்டுப் பையனுக்கு அங்கே இடம் சுருங்குகிறது. அவன் தெற்கு டகோட்டாவின் சிறிய கல்லூரிக்குப் போவான். அவனுடைய அப்பா அம்மா அங்கே போய்ப் பார்ப்பார்கள். மெமோரியல் ஸ்டேடியத்தில் நான்கு இருக்கை காலியாகும்.

சாதனை ஏற்கெனவே தள்ளாடித்தான் நிற்கிறது. 2021-இல் விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் மொத்தமாக வாங்கி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம், அந்தப் பிள்ளைகளின் முகம் மலர்ந்திருக்கும். ஆனாலும் 1962-இல் தொடங்கிய தொடரை நன்கொடையால் எத்தனை காலம் தாங்குவது? இன்னொரு 7-6 வந்தால் நவம்பர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க யோசிப்பவர்கள் கூடுவார்கள். டிக்கெட் குறைந்தால் லிங்கனின் ஓட்டல், உணவகம், சட்டைக் கடை எல்லாவற்றிலும் அடி விழும். சொந்த மைதான ஆட்டம் ஆண்டுக்கு ஏழோ எட்டோதான். சிறு கடைக்காரர்களுக்கு அந்த நாட்களில்தான் பெரும் வியாபாரம்.

நிர்வாகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இந்த ஆண்டு டென்னஸி அணி லிங்கனுக்கு வந்திருக்க வேண்டும். ஸ்டேடியம் புதுப்பிப்பைக் காரணம் காட்டி 2025 தொடக்கத்தில் அந்த ஆட்டத்தை நெப்ராஸ்கா ரத்து செய்தது. பதிலுக்கு வருவது பௌலிங் கிரீன். ஆஸ்பர்ன் அணியின் ரசிகர்களுக்கு அது ஏற்கும்படியாக இல்லை. பலமான அணியைச் செப்டம்பரில் சந்தித்துத் தோற்றால்கூட, நவம்பரில் அது உதவியிருக்கும்.

———
பெட்டிச் செய்தி: 2026 எதிரணிகள்

லீகுக்கு வெளியே: ஒஹாயோ (பிரபலமான ஒஹாயோ ஸ்டேட் அல்ல), பௌலிங் கிரீன், நார்த் டகோட்டா

லிங்கனில்: இந்தியானா, ஒஹாயோ ஸ்டேட், மேரிலேண்ட், வாஷிங்டன்

வெளியூரில்: ஒரேகான், இல்லினாய், மிச்சிகன் ஸ்டேட், ரட்கர்ஸ், அயோவா

தரவரிசைப் பட்டியலில் இருக்கும் அணியை நெப்ராஸ்கா கடைசியாக வென்றது: 2016 செப்டம்பர், ஒரேகானை 35-32
———

என் கணக்கு

லீகுக்கு வெளியே மூன்றும் வெற்றி. அதில் ஒன்று தவறினாலும் ரூலின் நாற்காலி ஆட்டம் காணும். மேரிலேண்ட், மிச்சிகன் ஸ்டேட், ரட்கர்ஸ் மூன்றையும் வென்றே ஆக வேண்டும். ஆக 6. வாஷிங்டன், இல்லினாய், அயோவா மூன்றும் எந்தப் பக்கமும் சாயலாம். அதில் இரண்டை எடுத்தால் 8. மிஞ்சுவது இந்தியானா, ஒஹாயோ ஸ்டேட், ஒரேகான். மூன்றுமே பட்டத்துக்கு ஆடும் அணிகள். ஒரேகான் போகும்போது எதிர் பெஞ்சில் ராயோலாவைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் லிங்கனுக்கு வரும் இரண்டில் ஒன்றை, அதுவும் இந்தியானாவை, வெல்ல முடியும் என்று நினைக்கிறேன். பத்து ஆண்டாகத் தரவரிசை அணி எதையும் வெல்லாத சங்கிலி என்றைக்காவது அறுந்துதானே ஆக வேண்டும்? சிவப்பு மைதானத்தில், 85,000 பேர் முன்னால் அறுந்தால் எவ்வளவு அழகு! அப்படி நடந்தால் 9. 2016-க்குப் பிறகு முதல் 9.

என் கையெழுத்து 8-இல்தான். ஆனால் பருவம் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது மொத்த எண்ணிக்கையை அல்ல. எட்டு வெற்றியில் ஏழு, அக்டோபருக்குள் வந்து நவம்பர் மறுபடியும் கொட்டிப்போனால் ரூலின் வேலை நடக்கவில்லை என்றே அர்த்தம். ஏழே வெற்றி கிடைத்தாலும் நவம்பரில் பாதி ஆட்டங்களை வென்று, குளிரில் எதிரணியின் ஓட்டத்தை நிறுத்தி, முன்வரிசையில் ஒருவரும் பின்வாங்காமல் நின்றார்கள் என்றால் 2027-க்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடுவேன்.

2032 வரை ஒப்பந்தம் இருப்பதால் ரூலை அனுப்புவது லேசான காரியமல்ல. ஃபிராஸ்டுக்குக் கொடுத்த ஒன்றரைக் கோடியை ஊர் மறக்கவில்லை. அவரை வைத்துக்கொண்டே ஜெயிப்பதைத் தவிர வேறு மலிவான வழியும் கிடையாது. நல்ல மனிதர், வீரர்கள் அவரை மதிக்கிறார்கள், ஊரோடு ஒட்டிவிட்டார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரேகானிடம் தோற்கலாம், ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்கலாம், அதைத் தாங்கிக்கொள்வேன். ரட்கர்ஸிடம் தோற்றால் என்னைச் சமாதானப்படுத்த யாராலும் முடியாது.